ஐந்து கேள்விகள் பிறந்த கதை

1946-ன் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு ஒரு கணக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. நாட்டு மக்களிடம் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது, அது யார் யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் நன்றாகவே சம்பாதித்தன. செலவழிக்கத்தான் வழியில்லாமல் போயிற்று. 1942 பிப்ரவரியிலேயே கார் தொழிற்சாலைகள் பயணிகள் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டு டாங்கிக்கும் விமானத்துக்கும் மாறிவிட்டன. சர்க்கரை, இறைச்சி, பெட்ரோல், டயர் எல்லாவற்றுக்கும் ரேஷன். மிச்சமான பணம் வங்கிச் சேமிப்பாகவும் போர்க்கடன் பத்திரங்களாகவும் குவிந்து கிடந்தது. போர் முடிந்ததும் அந்தப் பணமெல்லாம் ஒரே மூச்சில் கடைவீதிக்கு வந்தால் விலைவாசி என்ன ஆகும்? வராமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் 1930-களின் பெருமந்தம் திரும்பிவிடாதா? ராணுவ ஆர்டர்கள் நின்றுவிட்டன, லட்சக்கணக்கான படைவீரர்கள் வீடு திரும்பி வேலை தேடப்போகிறார்கள் என்பதைப் பார்த்த பொருளாதார நிபுணர்களில் பலர் மந்தம்தான் வரும் என்று நினைத்தார்கள்.

கணக்கெடுக்கும் பொறுப்பு அமெரிக்க விவசாயத் துறையில் இருந்த ஒரு சிறிய பிரிவுக்குப் போனது. மத்திய வங்கியின் வேலை விவசாயத் துறைக்கு எப்படிப் போனது என்று தோன்றலாம். அரசுத் திட்டங்களைப் பற்றி விவசாயிகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டுவர அந்தத் துறை ஒரு குழு வைத்திருந்தது. அதன் தலைவர் ரென்சிஸ் லிக்கர்ட். ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை படிப்படியாக விடை கேட்கும் படிவங்களை நாம் இன்று எங்கும் நிரப்புகிறோமே, அந்த அளவுகோலை 1932-ல் உருவாக்கியவர் இவர். போர் நடந்தபோது பல துறைகளுக்கும் மக்கள் மனதை அறிந்து சொன்னது இவருடைய குழுதான். மக்களிடம் நேரில் போய் முறையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் அன்று அரசுக்குள் அவர்களைப் போல் வேறு யாரும் அதிகம் இல்லை.

மத்திய வங்கி கேட்டது வெறும் இருப்புக் கணக்கு. வங்கியில் எவ்வளவு, பத்திரத்தில் எவ்வளவு, கடன் எவ்வளவு. லிக்கர்ட்டின் குழுவில் இருந்த ஒரு ஹங்கேரிக்காரருக்கு இதில் ஒரு சிக்கல் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டி, “நாங்கள் அரசாங்கத்திலிருந்து வருகிறோம், உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?” என்றால் யார் பதில் சொல்வார்கள்? கடன் கேட்கப் போகிறவர்கூட முதலில் பிள்ளைகள் படிப்பை விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அதனால் பேட்டியைப் பொதுவான கேள்விகளோடு தொடங்கலாம் என்றார் அவர். போன வருஷத்தோடு பார்த்தால் இப்போது உங்கள் குடும்ப நிலைமை எப்படி? வரும் வருஷம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நாட்டு நிலவரம் என்ன ஆகும்? பேச்சு சூடு பிடித்த பிறகு பாஸ்புக்கைப் பற்றிக் கேட்கலாம்.

வங்கி ஒப்புக்கொண்டது. தனக்கு வேண்டிய எண்கள் வருவதற்கு இந்தப் பேச்சு உதவுமானால் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற அளவில்தான். அன்று முன்னுரையாகச் சேர்க்கப்பட்ட அந்தக் கேள்விகளைத்தான் இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏதோ ஒரு வடிவில் தங்கள் மக்களிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு என்று செய்திகளில் அடிபடும் எண் அவற்றிலிருந்து வந்தது.

அந்த ஹங்கேரிக்காரரின் பெயர் ஜார்ஜ் கடோனா. வீட்டுக்கதவில் நின்று பேசுவதற்கான சூழ்ச்சியாக மட்டும் அவர் அந்தக் கேள்விகளைச் சேர்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் மனதில் கிடந்த ஒரு கேள்விக்கு அங்கே வாசல் திறந்தது.

1901-ல் புடாபெஸ்ட்டில் பிறந்த யூதர் கடோனா. 1919-ல் கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன்னின் புரட்சியில் அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் மூடப்பட, ஜெர்மனிக்குப் போய் கோட்டிங்கனில் சோதனை உளவியல் படித்தார். 1921-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மனியில் உளவியல் சோறு போடவில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். அது 1923. அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலைக்கு ஜெர்மன் பணம் விழுந்தது.

நோட்டு அச்சடித்ததால் விலை ஏறியது என்பது உண்மைதான். ஆனால் வங்கிக்குள் உட்கார்ந்திருந்த உளவியல்காரரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. நாளைக்கு இந்தப் பணத்துக்கு மதிப்பிருக்காது என்று ஒரு ஊரே நம்பினால், கூலி கைக்கு வந்த கணமே அதைப் பொருளாக்க ஓடும்; அந்த ஓட்டமே விலையை மேலும் தூக்கும். அரசு அச்சகத்தில் தொடங்கிய நோய் ஜனங்களின் எதிர்பார்ப்பில் வளர்ந்தது. அந்தப் பணவீக்கத்தைக் கூட்டு மனநிலையாகப் பார்த்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். வாழ்நாள் முழுவதும் அவர் தொடர்ந்த ஆராய்ச்சிக்கு அதுவே விதை.

பிறகு பெர்லினில் குஸ்தாவ் ஷ்டோல்பர் நடத்திய பொருளாதார வார இதழில் பணி. 1933-ல் ஹிட்லர் வந்ததும் அந்த வாழ்க்கை முடிந்தது. ஷ்டோல்பரும் கடோனாவும் நியூயார்க் போய் முதலீட்டு ஆலோசகர்களாகப் பிழைத்தார்கள். காசநோய் வந்து கடோனா அந்தத் தொழிலை விட நேர்ந்தபோது மறுபடி உளவியலுக்குத் திரும்பினார். உருப்போடுவதற்கும் புரிந்து கற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி 1940-ல் அவர் வெளியிட்ட நூல் அந்தத் துறையில் பேசப்பட்டது. 1942-ல் எழுதியது போர்க்காலப் பணவீக்கத்தைப் பற்றிய நூல். விலைக் கட்டுப்பாடு வெற்றி பெற வேண்டுமானால் அது எதற்காக என்று மக்களுக்குப் புரிய வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு ஊரில் வீடிழந்து, இரண்டு துறைகளில் காலூன்றிய மனிதர் அவர். உளவியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படித்த பேராசிரியர்கள் அன்று மிகக் குறைவு. இந்த மனிதரை வாழ்க்கையே அப்படிச் சேர்த்துப் படிக்க வைத்தது.

அன்றைய பொருளாதாரப் பாடம் பொருளாதார அறிஞர் கீன்ஸ் வகுத்த வழியில் போனது. குடும்பத்தின் செலவு அதன் வருமானத்தைப் பொறுத்தது; சம்பளம் கூடினால் செலவு கூடும், குறைந்தால் குறையும். தொழிலதிபர் எதிர்காலத்தை யோசித்து முதலீடு செய்கிறார், குடும்பங்களோ வந்ததைச் செலவழிக்கின்றன என்பது அதன் எண்ணம். வயிற்றுக்கும் வாடகைக்கும் போக மிச்சமில்லாத வீட்டுக்கு அது பொருந்தும். ஆனால் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் கார், ஃபிரிட்ஜ், வீடு வாங்கும் நிலையில் கோடிக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. பழைய கார் இன்னும் ஓடுகிறது. புதியதை இந்த வருஷமும் வாங்கலாம், அடுத்த வருஷமும் வாங்கலாம். அந்த முடிவு பர்ஸில் இருக்கும் பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. வேலை நிலைக்குமா, விலை இறங்குமா, நல்ல காலம் வருமா என்ற யோசனை அதற்குள் இருக்கிறது. வாங்கும் சக்தியோடு வாங்கும் மனமும் சேர்ந்தால்தான் பொருள் விற்கும் என்றார் கடோனா. சக்தியை வருமானப் புள்ளிவிவரம் காட்டிவிடும். மனதை அறியப் போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை.

1946-லேயே விவசாயத் துறையின் அந்தப் பிரிவு கலைந்தது. லிக்கர்ட், கடோனா, ஆங்கஸ் காம்ப்பெல், சார்லஸ் கேனல், லெஸ்லி கிஷ் ஆகியோர் மூட்டை கட்டிக்கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு, ஆன் ஆர்பர் நகரத்துக்குப் போனார்கள். பல்கலைக்கழகம் கொடுத்தது இடமும் பெயரும்தான். சம்பளத்துக்கான பணத்தை அவர்களே ஆராய்ச்சி ஒப்பந்தங்கள் பிடித்து ஈட்டிக்கொள்ள வேண்டும். அங்கே தோன்றிய சர்வே ஆராய்ச்சி மையத்துக்கு மத்திய வங்கியின் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் வந்தது. அதனோடு மனநிலைக் கேள்விகளும் வளர்ந்தன.

அந்தக் குழுவில் கிஷ் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சில ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு நாட்டையே சொல்வதாக இருந்தால், அந்தச் சில ஆயிரம் பேர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டியாளர் தன் விருப்பப்படி ஆள் பிடித்தால், பேசப் பிரியமுள்ளவர்களும் வீட்டில் இருப்பவர்களும் மட்டுமே கிடைப்பார்கள். அதனால் மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று ஒவ்வொரு படியிலும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். வீடு முடிவானாலும் வேலை முடியவில்லை. கதவைத் திறப்பவரையே கேட்டுவிட்டால் யாருடைய குரல் விட்டுப்போகும்? 1949-ல் கிஷ் வெளியிட்ட முறைப்படி, பேட்டியாளர் அந்த வீட்டிலுள்ள வயதுவந்தவர்கள் எல்லோரையும் வரிசையாக எழுதுவார். முதலில் ஆண்கள் மூத்தவரிலிருந்து, பிறகு பெண்கள் மூத்தவரிலிருந்து. படிவத்தோடு ஒரு சிறு அட்டவணை ஒட்டியிருக்கும். மூன்று பேர் உள்ள வீடென்றால் இத்தனாவது ஆள், நான்கு பேர் என்றால் இத்தனாவது ஆள் என்று அது சொல்லும். அந்த ஆள் வேலைக்குப் போயிருந்தால் சாயங்காலம் திரும்பி வர வேண்டும். பக்கத்தில் இருக்கும் மாமியாரையோ தம்பியையோ வைத்து முடிக்கக் கூடாது. ஒரு வீட்டின் எண்ணத்தைச் சொல்லும் உரிமை வாசலில் நிற்பவருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது என்ற நியாயம் அந்தச் சிறிய அட்டவணைக்குள் இருக்கிறது. கணிதமும் நாகரிகமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் அபூர்வம்.

பல கேள்விகளைச் சோதித்துப் பார்த்து 1952-ல் ஐந்தைப் பொறுக்கி எடுத்து ஒரு குறியீடு அமைத்தார்கள். முதலாவது, ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட உங்கள் குடும்பத்தின் பணநிலைமை இப்போது மேலா, மோசமா? இரண்டாவது, இன்னும் ஓராண்டு கழித்து எப்படி இருக்கும்? மூன்றாவது, வரும் 12 மாதங்களில் நாட்டின் தொழில் நிலவரம் நன்றாக இருக்குமா? நான்காவது, அடுத்த ஐந்தாண்டில் தொடர்ந்து நல்ல காலமா, வேலையில்லாத் திண்டாட்டமும் மந்தமும் வருமா? ஐந்தாவது, வீட்டுக்கு ஃபர்னிச்சர், ஃபிரிட்ஜ், அடுப்பு போன்ற பெரிய பொருள் வாங்க இது நல்ல நேரமா?

விடையை எண்ணாக்கும் வழி எளிது. ஒரு கேள்விக்கு 40 சதவீதம் பேர் மேல் என்கிறார்கள், 30 சதவீதம் பேர் மோசம் என்கிறார்கள், மற்றவர்கள் அப்படியேதான் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40-லிருந்து 30-ஐக் கழித்து 100-ஐக் கூட்டினால் 110. ஐந்து கேள்விக்கும் இப்படி வரும் எண்களைக் கூட்டி, 1966-ஐ அடிப்படையாக வைத்து வந்த 6.7558 என்ற எண்ணால் வகுப்பார்கள். 1950-களின் மாதிரி முறை பிற்பாடு மாறியதை ஈடுகட்ட 2.0 சேர்ப்பார்கள். மிச்சிகன் குறியீட்டில் 100 என்றால் 1966-ன் தொடக்கத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் இருந்த மனநிலை என்று அர்த்தம். நல்லதும் கெட்டதும் சரிசமம் என்று அதை எடுத்துக்கொண்டு எழுதப்படும் செய்திகளை அடிக்கடி பார்க்கிறேன். அது தவறு.

எண்ணாக மாறாத ஒரு கேள்வியும் உண்டு. என் பார்வையில் அதுதான் இந்த முறையின் உயிர். மேலா மோசமா என்று கேட்டவுடன் பேட்டியாளர் “ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பார். விடைக்குக் கட்டம் கிடையாது. ஆள் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். ஓவர்டைம் நின்றுவிட்டது, மருத்துவச் செலவு, மகனுக்கு வேலை கிடைத்தது, காய்கறி விலை என்று வருபவை எல்லாம் அலுவலகத்தில் வகைப்படுத்தப்படும். நிலைமை மோசம் என்று ஒரே விடையைச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் வேலையை நினைத்துப் பயப்படலாம், இன்னொருவர் விலையை நினைத்துக் கோபப்படலாம். அடுத்த ஆறு மாதத்தில் அந்த இரண்டு பேரும் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறாக இருக்கும்.

இப்படிக் கேட்பதன் பயன் குறியீடு அமைவதற்கு முன்பே தெரிந்தது. 1949-ல் உற்பத்தி சறுக்கியபோது, பலரும் எதிர்பார்த்த பெரிய சரிவு வந்துவிட்டதோ என்ற பயம் பரவியது. மிச்சிகன் பேட்டிகளில் குடும்பங்கள் கலங்கியதாகத் தெரியவில்லை. கார் வாங்குவதும் நிற்கவில்லை. மந்தம் சிறியதாகவே கடந்து போனது.

இதைவிட அழுத்தமான பாடம் 1951-ல் கிடைத்தது. 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும், முந்தைய போரின் தட்டுப்பாட்டை மறக்காத ஜனங்கள் கடைகளுக்குப் பாய்ந்தார்கள். விலை ஏறியது. பாடப்புத்தகக் கணக்குப்படி, விலை ஏறும் என்று நினைப்பவர் இன்றே வாங்கிவிடுவார். எனவே அந்த ஓட்டம் தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1951 வசந்தத்தில் வருமானம் கூடிக்கொண்டிருந்தபோதே வாங்குவது குறைந்தது, சேமிப்பு கூடியது. மிச்சிகன் பேட்டிகளில் காரணம் இருந்தது. இந்த விலைக்கு வாங்குவது நியாயமாகப் படவில்லை என்று மக்கள் நினைத்தார்கள். அத்தியாவசியத்துக்கே கூடுதலாகப் போகும்போது பெரிய பொருளைத் தள்ளிப்போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். பணவீக்கம் மனிதர்களை எப்போதும் கடைக்குத் துரத்துவதில்லை, பல நேரம் கையை இறுக்க வைக்கிறது என்று கடோனா சொன்னார். ஃபிராங்ஃபர்ட்டில் தான் கண்ட காட்சியையே பொதுவிதியாக்காமல், அமெரிக்கர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். சக ஆய்வாளர் ஈவா முல்லருடன் சேர்ந்து 1950–52 பேட்டிகளின் முடிவுகளை 1953-ல் நூலாகக் கொண்டுவந்தார்.

அடுத்து வந்தது எதிர்ப்பு. பொருளாதாரத் துறைக்கு இந்த விசாரிப்பெல்லாம் உறுத்தலாகவே இருந்தது. மனநிலை என்பது அளக்கக்கூடிய சங்கதியா? 1955-ல் ஆர்தர் ஸ்மிதீஸ் தலைமையில் மத்திய வங்கி அமைத்த ஆலோசகர் குழு, மனநிலைக் கேள்விகளின் பயனைச் சந்தேகித்தது. 1959-ல் ஜேம்ஸ் டோபின் கட்டுரை வந்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அதே டோபின். அவர் செய்தது நேர்மையான சோதனை. ஒரே குடும்பங்களை இரண்டு முறை பேட்டி கண்ட தரவை எடுத்துக்கொண்டு, நம்பிக்கையோடு பேசிய குடும்பங்கள் அடுத்த ஆண்டு மற்றவர்களைவிட அதிகம் வாங்கினவா என்று பார்த்தார். கார் வாங்கப்போகிறோம் என்று திட்டமாகச் சொன்னவர்கள் ஓரளவு வாங்கியிருந்தார்கள். காலம் நன்றாக இருக்கும் என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாங்கியதாகத் தெரியவில்லை. அப்படியானால் அந்தக் கேள்விகளால் என்ன லாபம்?

கடோனாவின் பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. எந்த ஊரிலும் எப்போதும் நம்பிக்கையாகப் பேசுகிறவர்களும் புலம்புகிறவர்களும் இருப்பார்கள், அது சுபாவம். புலம்புகிறவரும் கார் வாங்குவார். இந்த இருவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது. போன காலாண்டைவிட இந்தக் காலாண்டில் இரண்டு தரப்புமே ஒரு படி இறங்கிப் பேசினால் அதுதான் செய்தி. வேலைநீக்கம், விலையேற்றம், போர் என்று ஏதோ ஒன்று எல்லோர் காதிலும் ஒரே சமயம் விழுந்திருக்கிறது. தனித்தனி ஆட்களின் தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்; எல்லோரும் சேர்ந்து திரும்பும் திசை மட்டும் கூட்டுத்தொகையில் மிஞ்சும்.

வாதம் அன்று முடியவில்லை, பணம் நின்றது. மத்திய வங்கி 1959-ஓடு ஆதரவை விலக்கிக்கொண்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, மனநிலையை ஒதுக்கிவிட்டு வாங்கும் திட்டங்களை மட்டும் கேட்கும் பெரிய காலாண்டு சர்வேயைத் தொடங்கியது. மிச்சிகன் குழு வேறு இடங்களில் நிதி திரட்டிக்கொண்டு தன் கேள்விகளைத் தொடர்ந்து கேட்டது. அரசு சர்வே எதிர்பார்த்த பயனைத் தராமல் 1973-ல் கைவிடப்பட்டது. மிச்சிகன் சர்வே 1978 ஜனவரியிலிருந்து மாதாந்திரமானது, வீட்டுக்கதவிலிருந்து தொலைபேசிக்கு மாறியது. 1989-ல் அதன் எதிர்பார்ப்புப் பகுதி அமெரிக்க வணிகத் துறையின் முன்னறிவிப்புக் குறியீட்டில் இடம்பெற்றது. கடோனா அதைப் பார்க்க இல்லை. எந்த ஊரை விட்டு 1933-ல் ஓடினாரோ அதே பெர்லினில், சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் கௌரவப் பட்டம் பெறப் போயிருந்த இடத்தில், 1981 ஜூனில் இறந்தார்.

குறியீடு எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1994-ல் கேரல், ஃபூரர், வில்காக்ஸ் என்ற மூன்று பொருளாதார வல்லுநர்கள் பழைய ஆண்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். குறியீட்டின் முந்தைய அளவுகளை மட்டும் தனியாக எடுத்தால் நுகர்வு வளர்ச்சியின் ஏற்ற இறக்கத்தில் சுமார் 14 சதவீதத்தை அது விளக்கியது. வருமானம் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பங்கு இன்னும் குறைந்தது. ஆனாலும் சில தருணங்களில் அது கண்ணைத் திறக்கிறது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் நுழைந்ததும் ஜூலையில் 88.2 ஆக இருந்த எண் ஆகஸ்டில் 76.4 ஆகவும் அக்டோபரில் 63.9 ஆகவும் விழுந்தது. 2022 ஜூனில் 50.0-க்கு இறங்கியது, அதுவரை பதிவானதிலேயே மிகக் குறைவு. அப்போது அமெரிக்காவில் வேலைக்குப் பஞ்சமில்லை. விலைவாசிதான் மக்களை வருத்தியது. 1951-ல் கேட்ட பேச்சு எழுபது ஆண்டு கழித்தும் அதே காரணத்தோடு திரும்ப வந்தது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி முதலில் விலைவாசியைத்தான் கேட்டது. 2005-ல் தொடங்கிய அந்தச் சர்வேயில் இல்லத்தரசிகள், தினக்கூலிகள், சுயதொழில் செய்வோர், ஓய்வுபெற்றோர் என்று பிரித்து, விலை எவ்வளவு ஏறும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். மார்க்கெட்டுக்குப் போய்வரும் பெண்களைப் பணவீக்கத்தின் சாட்சியாக மத்திய வங்கி ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். 2010-ல் நுகர்வோர் நம்பிக்கை சர்வே வந்தது. ஆரம்பத்தில் ஆறு பெருநகரங்கள், அவற்றில் சென்னையும் ஒன்று. பிறகு 13 நகரங்கள், அதன் பிறகு 19. கிராமங்களுக்கும் சிறு நகரங்களுக்குமான தனி சர்வே முடிவுகள் அண்மையில்தான் வெளிவரத் தொடங்கின. இவ்வளவு காலம் பெருநகரத்து மனதை வைத்தே நாட்டு மனதைப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது குறைதான். வட்டி விகிதத்தை முடிவுசெய்யும் ஆறு பேர் குழு கூடும்போது இந்த முடிவுகளையும் பார்த்ததாகக் கூட்டக் குறிப்பில் பதிவாகிறது.

இங்கே கேட்கப்படும் விஷயங்கள் பொதுப் பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, வருமானம், செலவு. ஒவ்வொன்றிலும் சாதகமாகச் சொன்னவர்களிலிருந்து பாதகமாகச் சொன்னவர்களைக் கழித்து, சராசரி எடுத்து, 100-ஐக் கூட்டுகிறார்கள். ஆக நமது குறியீட்டில் 100 என்பது உண்மையிலேயே நடுக்கோடு. 2020 மார்ச்சில் 85.6 ஆக இருந்த நடப்பு நிலைக் குறியீடு, ஊரடங்குக்குப் பிறகு மே மாதம் 63.7, ஜூலையில் 53.8, செப்டம்பரில் 49.9 என்று இறங்கியது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், 48.5. ஆனால் 2020 செப்டம்பரில் அதே ஜனங்களிடம் அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்டதில் கிடைத்த எதிர்பார்ப்புக் குறியீடு 100-க்கு மேலே நின்றது. இவ்வளவு அடி வாங்கியும் அடுத்த வருஷத்தை நம்பினார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. செலவு கூடியிருக்கிறது என்று ஒரு குடும்பம் சொன்னால் அது சாதகமான விடையாகக் கணக்கில் ஏறுகிறது. மனம் நிறைந்து டிவி வாங்கிய வீடும் உண்டு. அரிசி, எண்ணெய், ஸ்கூல் ஃபீஸ், மருந்து விலை ஏறியதால் செலவு கூடிய வீடும் உண்டு. கடோனாவின் பேட்டியாளர் இந்த இடத்தில் ‘ஏன்’ என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதியிருப்பார். ரிசர்வ் வங்கி வெளியிடும் அட்டவணைகளில் கூடியது, அப்படியே இருக்கிறது, குறைந்தது என்ற மூன்று கட்டங்களே உள்ளன. ஓரளவுக்கு ஈடாக, அத்தியாவசியச் செலவையும் மற்றச் செலவையும் இரண்டு தனி அட்டவணைகளாகப் போடுகிறார்கள். தலைப்புச் செய்தியில் வரும் எண்ணைப் பார்த்த பிறகு நான் தேடிப் போவது அந்த இரண்டையும்தான். 2020 செப்டம்பர் அட்டவணைகளில், அத்தியாவசியச் செலவு கூடியது என்றவர்கள் அதிகம், மற்றச் செலவு குறைந்தது என்றவர்கள் அதிகம்.